பெர்சென்டைல் கணக்கில் வராத மலைப்பாதை

2009 நவம்பர் 10-ம் தேதி நீலகிரி மாவட்டத்தின் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. அந்த வாரம் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மேட்டுப்பாளையம் சாலையும் மலை ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. அதிலிருந்து பதினெட்டாம் நாள், நவம்பர் 28 அன்று, இந்திய மேலாண்மைக் கழகங்களின் (ஐஐஎம்) நுழைவுத் தேர்வான ‘கேட்’ முதன்முறையாகக் காகிதத்தை விட்டுக் கணினிக்கு மாறியது. சமவெளியில் இருப்பவர்களுக்கு இவை இரண்டு வெவ்வேறு செய்திகள். ஊட்டியிலும் குன்னூரிலும் இருந்து தேர்வெழுதப் போகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றே.

ஏனென்றால் கேட் வருவது நவம்பர் கடைசியில். 2015 முதல் அது ஒரே நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடக்கிறது. 2016-ல் மட்டும் டிசம்பர் 4-க்குத் தள்ளிப்போனது. மற்றபடி 2017-ல் நவம்பர் 26, 2019-ல் நவம்பர் 24, 2021-ல் நவம்பர் 28, 2024-ல் நவம்பர் 24 என்று வடகிழக்குப் பருவமழை மலையின் கிழக்குச் சரிவைக் கரைத்துக்கொண்டிருக்கும் நாட்களிலேயே வந்து விழுகிறது. 2023-ல் கேட் நவம்பர் 26. அதே வாரத்தில்தான் கோத்தகிரி – மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது.

கணினித் தேர்வை நான் எதிர்க்கவில்லை. அது வந்ததற்கு வலுவான காரணம் உண்டு. 2003 நவம்பரில் நடந்த கேட் வினாத்தாள் கசிந்தது. தேர்வு ரத்தாகி, 2004 பிப்ரவரியில் எல்லோரும் மறுபடி எழுத வேண்டியிருந்தது. அச்சகம், லாரி, காப்பறை என்று பல கைகள் மாறும் காகிதத்தில் அந்த ஆபத்து எப்போதும் இருந்தது. 2009-ல் பிராமெட்ரிக் நிறுவனத்தின் மூலம் கணினிக்கு மாறியபோது தொடக்கமே தடுமாறியது. பல மையங்களில் கணினிகள் முடங்கின. கான்ஃபிக்கர், நிம்டா வைரஸ்கள்தான் காரணம் என்றார்கள். பாதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோருக்கு 2010 ஜனவரியில் மறுதேர்வு நடந்தது. 2014 முதல் டிசிஎஸ் நிறுவனம் தேர்வை நடத்துகிறது. இப்போது அந்த ஏற்பாடு நன்றாகவே நிலைபெற்றுவிட்டது.

அது எப்படி இயங்குகிறது என்பது முதல் தலைமுறை மாணவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லப்படுவதில்லை. பயிற்சி நிறுவனங்கள் கணக்குச் சூத்திரங்களைச் சொல்லித் தரும் அளவுக்கு இயந்திரத்தைச் சொல்லித் தருவதில்லை. எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மையத்தில் உங்கள் முன்னால் இருக்கும் கணினி அந்த மையத்துக்குள்ளேயே இருக்கும் சர்வரோடு பேசுகிறது. வினாத்தாள் பூட்டிய கோப்பாக வந்து, உரிய நேரத்தில் அங்கே திறக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு விடையும் சர்வரில் பதிவாகிறது. உங்கள் கணினி நடுவில் நின்றுபோனால் இன்னொன்றில் உட்கார வைப்பார்கள். விட்ட இடத்திலிருந்து, மிச்ச நேரத்தோடு, தேர்வு தொடரும். இது தெரியாமல் பதறிப்போய் அடுத்த பகுதியையும் கெடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

விசைப்பலகையைத் தொடக் கூடாது. தொட்டால் திரை பூட்டிக்கொள்ளும் என்று முன்பே எச்சரிப்பார்கள். எல்லாமே மவுஸ்தான். விடையைத் தட்டச்சு செய்ய வேண்டிய கேள்விகளுக்குத் திரையிலேயே ஒரு எண் பலகை வரும். கால்குலேட்டரும் திரையிலேயே, அதையும் மவுஸால்தான் ஒவ்வொரு எண்ணாக அழுத்த வேண்டும். வலது ஓரத்தில் கேள்வி எண்கள் வண்ணக் கட்டங்களாக நிற்கும். விடையளித்தவை பச்சை, பார்த்துவிட்டு விட்டவை சிவப்பு, பிறகு பார்க்கலாம் என்று குறித்தவை ஊதா. விடையைத் தேர்ந்தெடுத்துச் சேமித்துவிட்டு ‘பிறகு பார்க்க’ என்று குறித்தாலும் அந்த விடை மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்படும். ஆங்கிலப் பகுதியில் திரையின் இடது பாதியில் பத்தி, வலது பாதியில் கேள்வி. பத்தி நீளமாக இருப்பதால் அந்தப் பாதியை மட்டும் மவுஸால் தனியே மேலும் கீழும் நகர்த்திப் படிக்க வேண்டும். செல்போனில் பெருவிரலால் தள்ளித் தள்ளிப் பயிற்சி எடுத்த பிள்ளைக்கு முதல் ஐந்து நிமிடம் இதிலேயே போய்விடும்.

ஐந்து நிமிடம் என்பது சிறிய விஷயமில்லை. 2020-ல் கொரோனா காரணமாக மூன்று மணி நேரத் தேர்வை இரண்டு மணி நேரமாக்கினார்கள், அதுவே நிலைத்துவிட்டது. மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒன்றில் மிச்சமான நேரத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. முடிந்த பகுதிக்குத் திரும்பவும் முடியாது. 2024-ல் மொத்தம் 68 கேள்விகள்: ஆங்கிலத்தில் 24, தரவு விளக்கமும் தர்க்கமும் 22, கணிதம் 22. சரியான விடைக்கு 3 மதிப்பெண். கொள்குறி வகையில் தவறானால் 1 கழியும். தட்டச்சு வகைக்கு நெகட்டிவ் மார்க் இல்லை. ஆகவே கிராமத்துப் பிள்ளை ஒரு தட்டச்சுக் கேள்வியையும் வெறுமையாக விட்டு வரக் கூடாது. இந்த ஒரு தகவல் தெரியாமல் மதிப்பெண்ணை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி பெர்சென்டைல். ஒரே நாளில் மூன்று ஷிஃப்ட் நடப்பதால் மூன்று வினாத்தாள். ஒன்று கடினமாகவும் இன்னொன்று எளிதாகவும் அமைந்தால் அநியாயம் அல்லவா? அதற்காகத்தான் ‘நார்மலைசேஷன்’ என்கிற சமன்படுத்தல். ஒவ்வொரு ஷிஃப்டிலும் மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்த்து, மூன்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு தரவரிசை. தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கையிலிருந்து உங்கள் தரவரிசை எண்ணைக் கழித்து, மீதியை எழுதியவர்களின் எண்ணிக்கையாலேயே வகுத்து, நூறால் பெருக்கினால் உங்கள் பெர்சென்டைல். 2024-ல் 2.93 லட்சம் பேர் எழுதினர். 99 பெர்சென்டைல் என்றால் கிட்டத்தட்ட 2,930-வது இடம்.

இந்தக் கணக்கை நான் மதிக்கிறேன். யாருக்கு எந்த வினாத்தாள் வாய்த்தது என்ற அதிர்ஷ்டத்தை அது பெருமளவு துடைத்துவிடுகிறது. ஆனால் அந்த வகுத்தியைக் கவனியுங்கள். தேர்வு ‘எழுதியவர்கள்’ மட்டுமே அதில் இருக்கிறார்கள். 2024-ல் பதிவு செய்தவர்கள் 3.29 லட்சம். எஞ்சிய 36 ஆயிரம் பேர் எந்தக் கணக்கிலும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் தயாராகாததால் போகாமல் விட்டிருக்கலாம். மலைப்பாதையில் பர்லியாரில் பஸ் நின்றுபோனதால் போய்ச் சேராத ஒருவர் அவர்களிடையே இருந்தால், அவரைத் தனியே அடையாளம் காண அந்தச் சூத்திரத்தில் இடமில்லை. ஷிஃப்டுகளுக்கு இடையிலான வேறுபாட்டைத் தசமப் புள்ளிவரை சமன் செய்யும் தேர்வு, அந்த நாற்காலியில் வந்து உட்காரும்வரை நடப்பவற்றில் ஒன்றைக்கூடச் சமன் செய்வதில்லை. என் வாதம் இதுதான்.

நடப்பதைப் பார்ப்போம். மூன்று ஷிஃப்டுகள்: காலை 8.30, பகல் 12.30, மாலை 4.30. ஊரை விண்ணப்பத்தில் விருப்பமாகக் குறிக்கலாம். ஷிஃப்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. மலையிலிருந்து போகிறவர்கள் வழக்கமாகக் குறிப்பது கோயம்புத்தூரை. காலை ஷிஃப்ட் விழுந்தால் 8.15-க்கு வாசல் மூடிவிடும். சோதனை, கைரேகை, புகைப்படம் எல்லாவற்றுக்கும் ஏழு ஏழரைக்கே அங்கே நிற்க வேண்டும். ஊட்டியிலிருந்து கோவைக்கு மூன்று மணி நேரம் என்பது பாதை சரியாக இருக்கும் நாளின் கணக்கு. நவம்பர் விடியலில் காட்டேரிக்குக் கீழே மூடுபனி இறங்கியிருக்கும்போது பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளை அப்படிக் கணக்குப் போட்டு இறங்க முடியாது.

மஞ்சூர்க்காரர் கெத்தை வழியாக இறங்கலாம். அந்தச் சாலையில் யானைக்கூட்டம் நின்றால் அவை நகரும்வரை பஸ் நிற்க வேண்டியதுதான். கூடலூர்க்காரருக்கு ஊட்டி ஏறி வருவதற்கே ஐம்பது கிலோமீட்டர். அவருக்கு மைசூர் பக்கம் என்று தோன்றும். ஆனால் பந்திப்பூர் வனப்பகுதியில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை வாகனங்களுக்குத் தடை. சில பஸ்களுக்கு மட்டும் விலக்கு. ஆறு மணிக்குப் பிறகு சோதனைச் சாவடி தாண்டிக் காலை ஷிஃப்டுக்கு மைசூர் மையத்தில் போய் நிற்பது நடக்காது. யானைகளுக்கான அந்தத் தடை நியாயமானது. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. தேர்வை வகுப்பவர்கள் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஆக, முதல் நாளே இறங்கிக் கோவையில் தங்க வேண்டும். பெண் பிள்ளை என்றால் அம்மாவோ அண்ணனோ கூட வருவார். ரூம் வாடகை, சாப்பாடு, இரண்டு பேருக்குப் போக வர பஸ், கூட வருபவருக்கு ஒன்றிரண்டு நாள் கூலி போகும். தேர்வுக் கட்டணம் 2024-ல் 2,500 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் 1,250. பிற்படுத்தப்பட்ட வகுப்பினரும் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினரும் முழுத் தொகை கட்ட வேண்டும். பசுந்தேயிலைக்குக் கிலோ 33 ரூபாய் 50 காசு ஆதார விலை கேட்டு இந்த மாவட்டத்தின் சிறு விவசாயிகள் 2023-ல் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். கிலோவுக்கு 20 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட, ஒரு முறை தேர்வெழுத 125 கிலோ இலை. உரம், பறிகூலி எதுவும் கழிக்காமல்.

பயணத்தைவிடப் பெரிய இடைவெளி பயிற்சியில் இருக்கிறது. இந்தத் தேர்வில் அறிவு பாதி, பழக்கம் பாதி. தரவு விளக்கப் பகுதியில் கேள்விகள் தொகுப்பு தொகுப்பாக வரும். 40 நிமிடத்தில் எல்லாத் தொகுப்பையும் முடிப்பவர்கள் அரிது. முதல் நான்கு நிமிடத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பதே அந்தப் பகுதியின் திறமை. அது புத்தகத்தில் வராது. முழு நேர மாதிரித் தேர்வை, அதாவது ‘மாக்’கை, கணினி முன் உட்கார்ந்து, இடையில் எழுந்திருக்காமல், வாரம் ஒன்றாவது எழுதினால்தான் வரும். கோவையிலும் சென்னையிலும் பயிற்சி மையங்கள் இதற்கென்றே கணினி அறை வைத்திருக்கின்றன. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் அந்த வசதி எங்கே? மழைநாளில் மின்சாரமும் நெட்வொர்க்கும் போட்டி போட்டுக்கொண்டு போய்விடும். கேட் இணையதளத்திலேயே இலவச மாதிரித் தேர்வு வெளியிடுகிறார்கள், உண்மையான தேர்வின் அதே திரை அமைப்போடு. நல்ல செயல். ஆனால் ஹால் டிக்கெட் வரும் காலத்தில்தான் அது வருகிறது. அதற்குள் பழக்கம் கைவந்திருக்க வேண்டும்.

ஆங்கிலம் இன்னொரு மலை. கேட் முழுக்க ஆங்கிலத்தில்தான். தத்துவம், மானுடவியல், பொருளாதாரம் என்று எந்தத் துறையிலிருந்தும் நானூறு, ஐந்நூறு சொல் பத்தி வரலாம். ஊட்டி கான்வென்ட் பள்ளிகளில் நாட்டின் பணக்காரக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள்; அதே ஊரின் அரசுப் பள்ளியிலிருந்து 1955-ல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையும் அதே பத்தியைத்தான் படிக்க வேண்டும். இதற்கு ஒரே வருடத்தில் தீர்வு இல்லை; கல்லூரியில் சேர்ந்த முதல் வருடத்திலிருந்தே தினமும் வாசிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மற்ற தேர்வுகள் பற்றி ஒரு வார்த்தை. ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐ நடத்தும் எக்ஸாட் ஜனவரித் தொடக்கத்தில் வருகிறது. மழை ஓய்ந்த காலம். வெளிநாட்டுக் கல்லூரிகள் கேட்கும் ஜிமேட் வேறு ரகம்: நீங்கள் சரியாக விடையளித்தால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். 1990-களிலேயே கணினிக்குப் போன தேர்வு அது. தேதியை நாமே தேர்ந்தெடுக்கலாம், வீட்டிலிருந்தும் எழுதலாம். கட்டணம்தான் டாலரில். அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட் இன்னும் காகிதத்தில் நடக்கிறது; அதை வைத்துத் தமிழ்நாட்டின் எம்பிஏ இடங்களுக்குக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி கலந்தாய்வு நடத்துகிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் டான்செட்டோடு நின்றுவிடுகிறார்கள். அது தாழ்வில்லை. ஆனால் கேட் என்ற ஒன்று தனக்கும் உரியது என்று தோன்றாமலே நின்றுவிடுவதை ஏற்க முடியவில்லை.

இது ஏன் இந்த மாவட்டத்துக்கு முக்கியம்? ஒன்றரை நூற்றாண்டாக இந்த மலையில் நிர்வாகம் என்பது வெளியிலிருந்து வந்து பங்களாவில் தங்குவதாகவே இருந்திருக்கிறது. முதலில் வெள்ளைத் துரைகள். பிறகு சமவெளியில் படித்துவிட்டு வந்தவர்கள். இலை பறித்தவர்களின் பிள்ளைகள் கங்காணியாகவோ ஃபேக்டரி கிளார்க்காகவோ உயர்ந்ததே பெரிய விஷயமாகப் பேசப்பட்டது. 1964-ம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலை நிறுவனமான டேன்டீயின் தோட்டங்களில் வேலைக்கு அமர்த்தப்பட்ட குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இப்போது கல்லூரியில் இருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளும் கல்லூரிப் படியேறியிருக்கிறார்கள். ஐஐஎம்களில் பழங்குடியினருக்கு 7.5 சதவீத இடம் இருக்கிறது.

தேயிலை வியாபாரமும் மாறிவிட்டது. குன்னூரில் டீசர்வ் ஏல மையம் 2003-லேயே மின்னணு ஏலத்தைத் தொடங்கியது. கேத்தி விவசாயியின் இலைக்கு என்ன விலை என்பதை இன்று ஒரு கணினித் திரையில் நடக்கும் போட்டி தீர்மானிக்கிறது. அந்தப் போட்டி எப்படி இயங்குகிறது, தூளை நேரடியாக விற்க என்ன வழி, இன்கோசர்வின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளை எப்படி லாபத்துக்குக் கொண்டுவருவது என்பதையெல்லாம் படித்த பிள்ளைகள் இந்த மண்ணிலிருந்தே வர வேண்டும். மூத்த ஐஐஎம்களில் இரண்டாண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டும் என்பது பயமுறுத்தலாம். 2024-ல் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டம் தரமான நிறுவனங்களில் சேர்பவர்களுக்குப் பிணையில்லாக் கடனுக்கு வழி செய்திருக்கிறது. சேர்ந்தபின் பணத்துக்கு வழி உண்டு; சேர்வதற்கான தேர்வுக்குப் போகத்தான் வழியில்லை.

செய்ய வேண்டியவை கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. ஷிஃப்டை ஒதுக்குவது ஒரு மென்பொருள். நீலகிரியின் அஞ்சல் குறியீட்டைக் கொண்ட விண்ணப்பதாரர்களுக்குப் பகல் 12.30 ஷிஃப்டை ஒதுக்க அதற்குச் சொல்லிக்கொடுப்பது கடினமே இல்லை. விடிந்தபின் இறங்கி, தேர்வெழுதி, இரவுக்குள் ஏறிவிடலாம்; ரூம் வாடகை மிச்சம். வால்பாறைக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும், இமயமலை மாவட்டங்களுக்கும் இதே விதி பொருந்தும். மாற்றுத்திறனாளிகளுக்குப் பகுதிக்கு 13 நிமிடம் 20 விநாடி கூடுதலாகத் தரும் தேர்வு இது. நியாயம் என்றால் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதல்ல என்பதை ஐஐஎம்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கின்றன.

மண்சரிவால் சாலை மூடியதாக மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் நாளில் தேர்வுக்கு வர முடியாதவர்களுக்கு என்ன செய்வது என்பதற்கும் முன்கூட்டியே எழுதிவைத்த விதி வேண்டும். 2010 ஜனவரியில் கணினி வைரஸுக்காக மறுதேர்வு நடத்த முடிந்தது என்றால் மண்சரிவுக்காகவும் முடியும்.

மாநில அரசுக்கு ஒன்று. அரசு மேல்நிலைப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களில் கணினிகள் வரிசையாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவை பூட்டிக் கிடக்கின்றன. மாதிரித் தேர்வைப் பள்ளியின் சர்வரிலேயே ஏற்றிவிட்டால், நெட்வொர்க் போனாலும் தேர்வு நிற்காது. கேட் மையம் இயங்குவதும் இதே முறையில்தான். ஜூன் முதல் நவம்பர் வரை கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர், குந்தா, ஊட்டி ஆகிய ஆறு வட்டங்களிலும் ஒவ்வோர் ஆய்வகத்தை ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் திறந்தால் போதும். நான் முதல்வன் திட்டம் வங்கி, ரயில்வே தேர்வுகளுக்கு எடுத்துக்கொண்ட அக்கறையை மலை மாவட்டத்தில் இதற்கும் காட்டலாம்.

கேட் விண்ணப்பம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் தொடக்கத்தில் திறந்து செப்டம்பரில் மூடுகிறது. ஷிஃப்ட் ஒதுக்கீட்டு விதியை அதற்கு முன்பே திருத்தியாக வேண்டும். தேர்வை நடத்தும் ஐஐஎம்முக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கல்லூரி முதல்வர்களும் சிறு தேயிலை விவசாயிகள் சங்கங்களும் இந்த ஆண்டே கூட்டாக மனு அனுப்ப வேண்டும். மாணவர்களே, உங்கள் பெயரையும் அதில் சேருங்கள். பதிலுக்குக் காத்திருக்காமல் விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள்.